கட்டைவிரல் குழி

பால் வாங்க வரும்போது சுப்பையன் சொம்போடு ஒரு பால்மானியையும் கொண்டுவருவார். கண்ணாடிக் குழல் பாலில் மிதந்து நிலைகொள்ளும்வரை பால்காரர் வண்டியைக் கிளப்பாமல் காத்திருக்க வேண்டும். நூல் வந்தால் சீட்டில் எழுதிய எடையை நம்பாமல் மூட்டையைத் தன் தராசில் ஏற்றுவார். கல்யாண மண்டபத்தில் வலது செருப்பை ஓரிடத்திலும் இடது செருப்பை வேறிடத்திலும் கழற்றுவார். அவரை யாரும் ஏமாற்றியதில்லை என்று சொல்ல முடியாது. ஏமாற்றியவர்கள் சிரமப்பட்டார்கள் என்று சொல்லலாம்.

ஜலகண்டாபுரத்தில் வீட்டை ஒட்டியே அவருடைய தறிக்கூடம். நான்கு விசைத்தறிகள். இரண்டை அவர் பார்த்துக்கொண்டார், இரண்டை மனைவி பாப்பாயி. தறியில் துண்டு நெய்தார்கள். ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. அதற்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் திருப்பூர் போன சுப்பையன், மாப்பிள்ளை முடிவெட்டிக்கொள்ளும் கடையைக் கண்டுபிடித்துத் தானும் அங்கே வெட்டிக்கொண்டு வந்தார்.

பகலெல்லாம் சிமெண்டுத் தரையில் நின்றதில் முழங்கால் போனது. அப்போதுதான் குமரகுரு வந்தார். மாதத்துக்கொரு முறை மொபெட்டில் வந்து, தறிக்காரர்களுக்கு மூட்டுவலிப் பொடி விற்கிறவர். செங்கல் நிறப் பொடி. காலையில் வெறும் வயிற்றில் தேனில் குழைத்து நக்க வேண்டும்.

"மொதல்ல நீங்க தின்னுங்க," என்றார் சுப்பையன்.

குமரகுரு கோபப்படவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, தேன்கூட இல்லாமல் நக்கி, கையை விரித்துக் காட்டினார். அடுத்த மாதம் கேட்பதற்கு முன்பே நக்கினார். முழங்கால் வலி குறைந்தது. கண்ணெதிரே தின்று காட்டுகிறவனை எதற்குச் சந்தேகப்படுவது? சுப்பையன் நம்பிய ஒரே ஆள் குமரகுரு.

ஒரே ஒரு குறை. மாதம் முடிவதற்குள் டப்பா காலியாகிவிடும். புது டப்பாவைத் தராசில் வைத்துப் பார்த்தார். எடை சரியாக இருந்தது. பொடி காய்ந்து சுருங்குகிறது என்று முடிவுக்கு வந்தார்.

"ஏனுங்க, ராத்திரி அழுதீங்களா?" என்றாள் பாப்பாயி, ஒரு நாள் காலையில்.

"நானா?"

"கண்ணு ரெண்டும் பணியாரமாட்டம் ஊதிக் கெடக்குது."

மதியத்துக்குள் முகம் வடிந்தது. சாயங்காலம் காலில் இறங்கியிருந்தது. செருப்பைக் கழற்றினால் வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. கடைக்காரன் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தார். பிறகு கழிப்பறையில் நுரை.

"சோப்புத்தூளக் கொட்டீட்டு தண்ணி ஊத்தாம வாரியா?" என்று பாப்பாயியைக் கேட்டார். அவள் இல்லை என்றாள். மறுநாள் அவரே கழுவிவிட்டு, வேறு யாரையும் உள்ளே விடாமல், போய் நின்று பார்த்தார். நுரை அவரிடமிருந்துதான் வந்தது.

"சத்துக் கொறச்சலுங்க," என்றார் டீக்கடை மணியன். "நாமக்கல்ல பக்கத்துல வெச்சுக்கிட்டு முட்ட திங்காம இருந்தா ஒடம்பு ஊதத்தான் ஊதும்."

சுப்பையன் முட்டை தின்றார், ஒவ்வொன்றையும் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்த பிறகு. நெருஞ்சிமுள் கஷாயம் குடித்தார். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைக்கு நிறைய நீர் பிரிந்தது. வீக்கம் வடிந்து, மாத்திரை தீர்ந்ததும் திரும்பி வந்தது. இப்போது தொடைவரை.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பாப்பாயிதான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் தமிழினிக்கு மகள் வயதுதான் இருக்கும். எதுவும் கேட்பதற்கு முன் குனிந்து, சுப்பையனின் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. சுப்பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் போன பிறகும் அதன் அச்சு தன் காலில் தங்கியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். முடிவு வந்த பிறகு டாக்டர் சொன்னார்.

"ரத்தத்துல ஆல்புமின்னு ஒரு புரதம் இருக்குங்க. தண்ணிய ரத்தக் குழாய்க்குள்ள பிடிச்சு வெச்சிருக்கறது அதுதான். உங்களுக்கு அது பாதிக்கும் கீழ போயிடுச்சு. பிடி விட்ட தண்ணி வெளிய கசிஞ்சு சதையில தேங்குது."

"முட்ட திங்கறனுங்களே."

"அளவா சாப்பிடுங்க. ஆனா இது சாப்பாடு பத்தாம வந்தது இல்ல. சாப்பாடே இல்லாதவங்களுக்கும் வரும். கல்லீரல் கெட்டாலும் வரும், ஆல்புமின் உண்டாகறது அங்கதான். குடல் உறிஞ்சாம விட்டாலும் வரும். உங்களுக்கு கல்லீரல் நல்லா இருக்கு. கிட்னி வழியா ஒழுகுது. நுரை வருதுங்களா?"

சுப்பையன் பாப்பாயியைப் பார்த்தார். இவள் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாள்.

"குடிப்பீங்களா?"

மறுபடியும் பார்த்தார்.

"அதெல்லாம் இல்லீங்க சாமி," என்றாள் பாப்பாயி. "பாலையே நம்பாத மனுசன் பிராந்திய நம்புவாரா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க," என்றார் சுப்பையன்.

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தங்கள் மாத்திரையை எழுதுவார்கள். பாப்பாயி வாய் திறக்கவில்லை. அவள் திறக்காததை அவர் அன்று விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார்.

ஊரில் பேச்சு கிளம்பியது. காவிரிக்கரைப் பக்கத் தறிக்காரர்களிடம் கிட்னியை விலைபேச புரோக்கர்கள் வந்துபோகும் கதை ஜலகண்டாபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். யாராவது இரண்டு முறை வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய், மூன்றாவது வாரம் வீட்டில் புதிதாக ஒரு பொருள் தெரிந்தால், கணக்கை மற்றவர்கள் போட்டுக்கொள்வார்கள். சுப்பையன் ஆடி மாதத்தில் ஈரோடு போய் இரண்டு நாள் தங்கித் தறிக்குப் புது மோட்டார் வாங்கி வந்திருந்தார். இரண்டு நாள் ஆனதற்குக் காரணம், எட்டுக் கடையில் விலை கேட்டது.

"எப்பிடீங்க, ரெண்டும் இருக்குதுங்களா?" என்றார் மணியன், டீயை ஆற்றிக்கொண்டே.

"என்னது?"

"நான் டீயக் கேட்டனுங்க. ரெண்டு டீதான சொன்னீங்க."

சுப்பையன் ஒரு டீதான் சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பாப்பாயி எண்ணெய்க் கிண்ணத்தோடு குளியலறை வாசலுக்கு வந்தாள். கல்யாணமான புதிதில் வந்தது. அதன் பிறகு இன்றுதான்.

"திரும்புங்க, முதுகுக்குத் தேச்சு உடறேன்."

திரும்பினார். அவள் கை முதுகில் நிற்கவில்லை. விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை, விரல் நுனியால் தடவித் தேடியது.

"என்னத்தப் பாக்கற?"

"அழுக்கு இருக்குதான்னு."

"அழுக்கு முதுகுல இருக்கும். நீ இடுப்பப் பாக்கற."

கை நின்றது. எண்ணெய் சொட்டியது.

"அந்த மோட்டரு எப்பிடி வந்துதுங்க?" என்றாள் மெதுவாக.

சுப்பையன் சொம்பை எடுத்துத் தண்ணீரை மோந்து தலையில் ஊற்றிக்கொண்டார். எண்ணெயோடு. முப்பது வருடம் தான் சந்தேகப்பட்ட ஒருத்தி தன்னைச் சந்தேகப்படுவது அவருக்குப் புதிதாக இருந்தது. வலித்தது. அதைவிட, அவள் தழும்பைத் தேடிய முறை, அதாவது பேசிக்கொண்டே கவனத்தைத் திருப்பியது, தன்னிடமிருந்து கற்றது என்று பட்டது.

அடுத்த முறை சேலம் போனபோது டாக்டர் தமிழினி சொன்னார்: "ஏன் ஒழுகுதுன்னு ரத்தத்துல தெரியல. கிட்னியில இருந்து துளி சத எடுத்துப் பாக்கணும்."

சுப்பையன் எழுந்துவிட்டார்.

"ஒக்காருங்க. ஊசியிலதான் எடுப்போம். நூல் மாதிரி ஒரு துணுக்கு."

"மொதல்ல நூலும்பீங்க."

"ஐயா, இத விட்டா கிட்னியே கெட்டுப்போகலாம். இவ்வளவு புரதம் போனா கால்ல ரத்தம் உறையும். அது நெஞ்சுக்கு ஏறினா உயிருக்கே ஆபத்து."

"வாரேனுங்க," என்றார் சுப்பையன். செருப்பை இரண்டு இடத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீக்கம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வயிறு உப்பியது. சொல்ல முடியாத இடத்திலும் வீங்கியதால் காலை அகட்டி நடந்தார். தறி முன் நிற்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பாப்பாயி நான்கு தறிக்கும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்ததால் அவர் கண்மட்டத்தில் அவளுடைய கால்கள்தான் வந்துபோயின. ஒரு நாள் அந்தக் கால்விரல்களில் மெட்டி இல்லை.

"மெட்டி எங்க?"

"இறுக்குதுங்க. கழட்டி வெச்சிருக்கறேன்."

அவள் தண்ணீர் பிடிக்கப் போனபோது சுவரைப் பிடித்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தார். மஞ்சள் டப்பாவுக்குள் மெட்டி இரண்டும் பத்திரமாக இருந்தன. அப்படியானால் அடகு இல்லை. அடகு இல்லை என்பது இன்னும் மோசம். புருசன் இருக்கும்போதே ஒருத்தி மெட்டியைக் கழற்றி வைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? டாக்டர் அவளிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார். இவள் பழகிக்கொள்கிறாள்.

அன்று சோற்றைத் தொடவில்லை. பாப்பாயி தட்டை எடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க யாரையும் நம்ப வேண்டாம். வேற ஊருல, ஆஸ்பத்திரிக்காரங்களுக்குத் தெரியாத எடத்துல ஸ்கேன் எடுங்க. ரெண்டும் இருக்குதான்னு எழுதி வாங்கிக்கங்க. ஊசி போட்டதுக்கு அப்பறம் மறுக்கா எடுங்க. கொறஞ்சிருந்தா நானே போயி அந்த டாக்டருப் புள்ள சட்டையப் புடிக்கறேன்."

சுப்பையன் அவளை நிமிர்ந்து பார்த்தார். யோசனையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கும் அந்தச் சீட்டு தேவைப்படுகிறது என்று தெரிந்தது. அதனாலேயே நம்பினார்.

மேட்டூரில் இரண்டு ஸ்கேன் சென்டரைக் கடந்துபோய் மூன்றாவதில் நுழைந்தார். வயிற்றுவலி என்றார். கிட்னி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வந்த அறிக்கையில் இரண்டு கிட்னியும் இருந்தன, நீள அகலத்தோடு. பாப்பாயி அந்தக் கடுதாசியை எழுத்துக்கூட்டிப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோட்டாரைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவில்லை. சுப்பையன் அறிக்கையை லேமினேட் செய்து டீக்கடைக்கு எடுத்துப் போனார்.

"லேமினேசன் பண்ணீட்டா கெட்டுப் போகாதுங்களா?" என்றார் மணியன். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

ஊசி போடும் அறைக்குள் பாப்பாயியும் நிற்க டாக்டர் ஒத்துக்கொண்டார். சுப்பையனைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கு அடியில் தலையணை கொடுத்தார்கள். மரத்துப்போக ஊசி. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். முதுகில் டக் என்றொரு சத்தம். குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடா தறியின் ஓரத்தில் வந்து மோதுகிற சத்தம் போல இருந்தது. அவ்வளவுதான் என்றார்கள்.

"காட்டுங்க," என்றார் சுப்பையன், குப்புறப் படுத்தபடியே.

டாக்டர் சின்னக் குப்பியை அவர் முகத்தருகே கொண்டுவந்தார். தண்ணீரில் வெளிர் சிவப்பாக ஒரு இழை, நகத்தின் நீளத்துக்கு.

சுப்பையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "நூலுன்னா இருவதாம் நம்பர் இருக்கும்," என்றார் பாப்பாயியிடம்.

"முறுக்கு இல்லீங்களே," என்றாள் அவள்.

மறுவாரம் மேட்டூரில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். இரண்டும் இருந்தன.

முடிவு வந்த அன்று டாக்டர் தமிழினி மற்ற நோயாளிகளை அனுப்பிவிட்டு அவர்களை உட்காரவைத்தார். "கிட்னியில ஒரு வடிகட்டி இருக்கு. அந்தச் சவ்வு தடிச்சு, கெட்டு, புரதத்த விட்டுருது. இந்த மாதிரி கெடறத நாங்க பாதரசம் கலந்த மருந்து சாப்பிட்டவங்ககிட்ட பாத்திருக்கோம். முகத்துக்கு வெள்ளையாக கிரீம் போடறவங்ககிட்டயும் பாத்திருக்கோம். நீங்க கிரீம் போடற ஆள் மாதிரி தெரியல. என்ன சாப்பிடறீங்க?"

சுப்பையன் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் பாப்பாயி. "நீங்க சொல்லலீன்னா நான் சொல்லுவேன்."

சொன்னார். டாக்டர் திட்டவில்லை. பொடியைக் கொண்டுவரச் சொன்னார், பரிசோதனைக்கு அனுப்பினார். பொடியில் பாதரசம் இருந்தது. சுப்பையனின் ரத்தத்திலும் இருந்தது.

"அவரே தின்னு காட்டினாருங்க," என்றார் சுப்பையன். "என்ற கண்ணு முன்னால."

"இன்னைக்குத் தின்னா இன்னைக்கே எதுவும் ஆகாது. அது மெதுவா சேரும்." டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "பொடிய நிறுத்துங்க. உப்பக் கொறைங்க, ஊறுகா அப்பளம் வேண்டாம். புரதம் ஒழுகறதக் கொறைக்க ஒரு மாத்திர, நீர் போக ஒரு மாத்திர. பொடி நின்னாலே நிறைய பேருக்குத் தானா அடங்கும். அடங்கலைன்னா வேற மருந்து பாக்கலாம். வீட்டுல வேற யாராவது அந்தப் பொடிய சாப்பிடறாங்களா?"

"இல்லீங்க," என்றார் சுப்பையன். பாப்பாயி கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

பாட்டிலில் ஆல்புமின் ஏற்றினால் சீக்கிரம் சரியாகாதா என்று சுப்பையன் கேட்டார். மணியன் சொல்லியிருந்தார். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றுவது என்றார் டாக்டர். விலை உயர்ந்ததை வேண்டாம் என்று சொல்கிற டாக்டரை அவர் அதுவரை பார்த்ததில்லை. அதிலும் ஏதோ இருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தார். ஓமலூர் தாண்டும்வரை யோசித்தும் பிடிபடவில்லை.

மாதங்கள் போயின. முகம் முதலில் வடிந்தது, பிறகு வயிறு, கடைசியில் கால். காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் எலும்பின் மீது அமுக்கிப் பார்ப்பது வழக்கமாயிற்று. குழி ஆழம் குறைந்து ஒரு நாள் நிற்காமலே போனது. தறிக்குத் திரும்பினார்.

ஒரு காலை மொபெட் சத்தம் கேட்டது. வெகுநாள் கழித்துக் குமரகுரு. சுப்பையன் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் பல முறை ஓட்டி வைத்திருந்தார். போலீஸ் என்ற வார்த்தையும் அதில் இருந்தது.

"உங்க பொடியில பாதரசம் இருக்குதுங்களாமா. டாக்டரு சோதிச்சுப் பாத்துட்டாங்க. எனக்குக் கிட்னி போகப் பாத்துது."

"ஆரு சொன்னா?" குமரகுரு வண்டியை விட்டு இறங்கினார். "அவிங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. பாருங்க." டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி நக்கினார். முன்பைவிட அதிகமாக. கையை விரித்துக் காட்டினார். "நான் நல்லாத்தான் இருக்கறேன்?"

சுப்பையன் கையைப் பார்க்கவில்லை. குமரகுருவின் கண்ணிமைகள் தடித்திருந்தன. கீழே பார்த்தார். இறங்கியபோது ஒரு செருப்பு நழுவியிருந்தது. வார் இருந்த இடம் பாதத்தின் குறுக்கே பள்ளமாகப் பதிந்திருந்தது.

இந்த ஆள் ஏமாற்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க சேலம் போயி மூத்தரத்தக் குடுத்துப் பாருங்க," என்றார் சுப்பையன். "அந்த வண்டியில இருக்கறத யாருக்கும் குடுக்காதீங்க. குடுத்தா நானே வந்து ஊடு ஊடாச் சொல்லுவேன்."

குமரகுரு செருப்பை மாட்ட முயன்றார். கால் சுலபத்தில் நுழையவில்லை. சுப்பையன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் வேறொன்று தோன்றியது. இறுக்குதுங்க. கழட்டி வெச்சிருக்கறேன். மெட்டி இன்னும் மஞ்சள் டப்பாவில்தான் இருக்கிறது. அவர் தேறி வந்த பிறகும் அவள் போடவில்லை. மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகிற பொடி. இரண்டு தறிக்கு நின்ற இன்னொரு ஜோடி முழங்கால்.

அவரிடம் கேட்டிருந்தால் எடைபோட்டுக் கொடுத்திருப்பார். அதற்குப் பயந்துதான் கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

மொபெட் தெருமுனை திரும்பியது. உள்ளே போனார். பாப்பாயி ஸ்டூலில் உட்கார்ந்து நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் முன் குந்தி உட்கார்ந்தார். சேலைக்கரையைக் கொஞ்சம் விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்தார்.

"என்னத்தப் பாக்கறீங்க?"

"அழுக்கு இருக்குதான்னு."

அமுக்கினார். விரலை எடுத்தார். குழி நின்றது. ஆழமில்லை, ஆனால் நின்றது. பாப்பாயி குழியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டப்பாவ டாக்டருகிட்டக் குடுத்து எத்தன மாசமாச்சு," என்றாள். "அதுக்கப்பறம் நான் தொடவே இல்லீங்க. நெசமா."

சுப்பையன் அதை நம்பினார். நம்புவதற்கு ஒன்றும் சோதித்துப் பார்க்கவில்லை.

"நுரை வருதா?"

அவள் கோனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆமென்று தலையை மட்டும் அசைத்தாள்.

எழுந்து போய் நான்கு தறிக்கும் மெயினை அணைத்தார். பகலில் கூடம் அப்படி ஓய்ந்து அவள் கேட்டதில்லை.

"செருப்பப் போடு. சேலம் பஸ்ஸு இப்ப வந்துரும்."

"ஸ்கேன் மேட்டூர்லீங்களா?" என்றாள்.

"வேண்டாம். அந்தப் புள்ளகிட்டயே எடுத்துக்கலாம்."

வாசலில் அவளுடைய செருப்பு ஒன்று இங்கும் ஒன்று அங்கும் கிடந்தது. இரண்டையும் தேடி எடுத்துவந்து அவள் காலடியில் சேர்த்து வைத்தார்.